பெட்டியில் என்ன இருக்கிறது?

திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவுக்கு அருகே வலியசாலை இருக்கிறது. தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழும் இடம் அது. அங்கே ஒரு வீட்டில் ஆச்சியும் பேரப் பிள்ளைகளும் இருந்தார்கள். பிள்ளைகளின் அப்பாவும் அம்மாவும் காலையில் வேலைக்குப் போய்விடுவார்கள்.

2025ஆம் ஆண்டு, ஜூன் மாதம். மழை விடாமல் பெய்தது. மூன்று வயதுப் பேரனுக்கு வயிற்றுப்போக்கு வந்தது. காலையிலிருந்து ஐந்து முறை போய்விட்டான். நாக்கு வறண்டது. பிள்ளை சோர்ந்து படுத்தான்.

ஆச்சி குடையை எடுத்துக்கொண்டு மருந்துக் கடைக்கு ஓடினார்.

"தம்பி, பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு. ஓ.ஆர்.எஸ். கொடு."

கடைப் பையன் இரண்டு அட்டைப் பெட்டிகளைக் கொடுத்தான். அழகான பெட்டிகள். மேலே ஆரஞ்சுப் பழத்தின் படம். பெயரில் ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகள் பெரிதாக இருந்தன. ஆச்சி பணம் கொடுத்து வாங்கி வந்தார்.

இனிப்பாக இருந்ததால் பேரன் ஆசையாகக் குடித்தான். ஒரு பெட்டி காலியானது. ஆனால் வயிற்றுப்போக்கு குறையவில்லை. தண்ணீராகப் போனது.

எட்டாம் வகுப்புப் படிக்கும் பேத்தி பள்ளியிலிருந்து வந்தாள். பெட்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி ஆங்கிலத்தில் இருந்தது. அதை மெல்ல எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"ஆச்சி, இதில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? 'இது உலக சுகாதார நிறுவனம் சொன்ன ஓ.ஆர்.எஸ். அல்ல' என்று இருக்கிறது!"

ஆச்சி திகைத்துப் போனார். "முன்பக்கம் ஓ.ஆர்.எஸ். என்கிறான். பின்பக்கம் அல்ல என்கிறானா?"

அந்த நேரம் ஆஷா பணியாளர் அந்தப் பக்கம் வந்தார். பேத்தி ஓடிப்போய், "சேச்சி, கொஞ்சம் வாருங்கள்" என்று அழைத்தாள். அவர் பிள்ளையைப் பார்த்தார். கண் குழி விழவில்லை. கொடுத்த தண்ணீரைக் குடிக்கிறான். பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார்.

"ஆச்சி, இதற்குக் காசு வேண்டாம். கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர் எடுங்கள். முழுப் பொட்டலத்தையும் அதில் கரையுங்கள். ஒவ்வொரு முறை போன பிறகும் அரை டம்ளர் முதல் ஒரு டம்ளர் வரை, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். கரைத்ததை ஒரு நாளுக்கு மேல் வைக்காதீர்கள்."

"இரண்டும் சர்க்கரைத் தண்ணீர்தானே? என்ன வித்தியாசம்?" என்று கேட்டார் ஆச்சி.

"நீங்களே பாருங்கள்" என்றார் அவர். பெட்டியில் உள்ள எண்ணை ஆச்சி படித்தார். 100 மில்லியில் சர்க்கரை 11 கிராம். அப்படியானால் ஒரு லிட்டருக்கு 110 கிராம். பொட்டலத்தில் உள்ள எண்ணையும் படித்தார். ஒரு லிட்டருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம்.

"அம்மாடி! எட்டு மடங்கு!"

அளவுதான் மருந்து

நம் குடலின் சுவர் வழியாக உப்பும் குளுக்கோசும் கைகோத்துக்கொண்டு உடம்புக்குள் போகின்றன. அவற்றின் பின்னால் தண்ணீரும் போகிறது. இதற்கு இரண்டும் சரியான அளவில் இருக்க வேண்டும். சர்க்கரை மிக அதிகமானால் அது குடலிலேயே தங்கும். உடம்பில் இருக்கும் தண்ணீரையும் குடலுக்குள் இழுக்கும். வயிற்றுப்போக்கு கூடும்.

உலக சுகாதார நிறுவனம் 2002இல் சொன்ன அளவு இது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு:

சாதாரண உப்பு – 2.6 கிராம்
குளுக்கோஸ் – 13.5 கிராம்
பொட்டாசியம் குளோரைடு – 1.5 கிராம்
சோடியம் சிட்ரேட் – 2.9 கிராம்

இந்தக் கரைசலின் பெருமையை உலகுக்குக் காட்டியவர்களில் ஒருவர் டாக்டர் திலீப் மகலநாபிஸ். 1971இல் வங்கதேசப் போர் நடந்தது. எல்லை ஊரான பங்காவ்ன் முகாமில் அகதிகளிடையே காலரா பரவியது. ஊசி வழியே ஏற்றும் மருந்துநீர் தீர்ந்துபோனது. அவர் உப்பு, சோடா, குளுக்கோஸ் ஆகியவற்றைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்தார். அதற்கு முன் நூறு நோயாளிகளில் 30 பேர் வரை இறந்தார்கள். பிறகு அது 4 பேருக்கும் குறைவானது. இது கண்ணால் கண்டு, எண்ணிப் பார்த்த உண்மை. இதுதான் அறிவியல்.

ஆரஞ்சுப் படமும் பெரிய எழுத்தும் அறிவியல் அல்ல. அது விற்பனை.

ஒரு டாக்டரின் போராட்டம்

ஹைதராபாத்தில் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் இந்தப் பெட்டிகளை எதிர்த்துப் பல ஆண்டுகள் போராடினார். நீதிமன்றத்துக்கும் போனார். முதலில், பெட்டியில் அந்த ஒரு வரியை அச்சிட்டால் போதும் என்று அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அனுமதி தந்திருந்தது. 2025 அக்டோபர் 14 அன்று ஆணையம் அந்த அனுமதியை நீக்கியது. சரியான அளவில் இல்லாத எந்தப் பானத்தின் பெயரிலும் ஓ.ஆர்.எஸ். என்ற சொல் வரக் கூடாது என்று உத்தரவிட்டது.

வலியசாலைப் பேரன் இரண்டு நாளில் எழுந்து விளையாடினான். ஆச்சி இப்போது எதை வாங்கினாலும் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிறார். "முகத்தைப் பார்த்தேன், ஏமாந்தேன். இனி முதுகைப் பார்ப்பேன்" என்கிறார்.

மூன்று கேள்விகள்

'குடலைச் சுத்தம் செய்யும்', 'நல்ல கிருமிகள் நிறைந்தது', 'வயிற்று நோய் எல்லாம் தீரும்' என்று பல பொருள்கள் விற்பனைக்கு வருகின்றன. வாங்கும் முன் கேளுங்கள்:

1. இதில் என்ன இருக்கிறது? எவ்வளவு இருக்கிறது?
2. இப்படிச் சொல்வது யார்? விற்பவரா, சோதித்துப் பார்த்த மருத்துவரா?
3. இதைவிட விலை குறைந்தது வீட்டிலேயே இருக்கிறதா?

தயிரிலும் நல்ல நுண்ணுயிர்கள் உண்டு. தயிர் நல்ல உணவு. ஆனால் அதுவும் எல்லா நோய்க்கும் மருந்து அல்ல. உணவுப் பொருளை நோய் தீர்க்கும் மருந்து என்று விளம்பரம் செய்யச் சட்டம் இடம் தரவில்லை.

நினைவில் வைப்போம்

வயிற்றுப்போக்கின் போது தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்தக் கூடாது. ஓ.ஆர்.எஸ். உடன் துத்தநாக மாத்திரையும் தர வேண்டும். எத்தனை நாள் என்று சுகாதாரப் பணியாளரிடம் கேட்க வேண்டும். மலத்தில் ரத்தம், குழி விழுந்த கண், குடிக்க முடியாத சோர்வு, குடித்ததெல்லாம் வாந்தி – இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பேசிப் பாருங்கள்

1. பெட்டியின் பின்பக்கத்தில் என்ன எழுதியிருந்தது?
2. சர்க்கரை அதிகமானால் வயிற்றுப்போக்கு ஏன் கூடுகிறது?
3. உங்கள் வீட்டில் உள்ள ஒரு பானப் பெட்டியை எடுங்கள். 100 மில்லியில் எவ்வளவு சர்க்கரை என்று படியுங்கள். ஒரு லிட்டருக்குக் கணக்குப் போடுங்கள்.