கோடு பின்னால் நிற்கட்டும்

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுவது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ் ஏறி ராஜபாளையம் மில்லுக்குப் போய்வருகிறாய் என்று அக்கா சொன்னாள். நீ பைத்தானில் மேட்பிளாட்லிப் லைப்ரரி கொண்டு வரைந்து அனுப்பிய நூல் கவுண்ட் வரைபடத்தை ராத்திரி பார்த்தேன். கோடு ஏறி இறங்குகிறது, சரி. எந்த நாள் 40.5 வந்தது என்று கண்டுபிடிக்க மானிட்டர் மேல் ஸ்கேல் வைக்க வேண்டியதாயிற்று.

120 கஜ நூலைச் சுற்றி எடைபோட்டு எடுத்த எண் அது. ஒரு பவுண்டுக்கு 840 கஜச் சிட்டம் நாற்பது வந்தால் நாற்பதாம் நம்பர். அரை எண் கூடினாலே நூல் மெலிந்துவிட்டது என்று அர்த்தம். அந்த அரை எண் கண்ணில் படவேண்டாமா?

அதற்காக 'கிரிட்' போட்டு நாலாபக்கமும் கட்டம் அடித்துவிடாதே. நீ படிக்கவேண்டியது உயரத்தை. ஒய் அச்சுக்கு மட்டும் கேள், படுக்கைக் கோடுகள் போதும். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்வதைப் பார்த்திருப்பாய். பாவும் ஊடையும் நெருங்காமல், இழை மெல்லிசாக, அடியில் இருப்பது தெரியும்படி ஓடும். உன் கோடும் அப்படி ஓடவேண்டும்: வெளிர் சாம்பல் நிறம், அரை பாயின்ட் தடிமன். நாற்பதில் மட்டும் ஒரு அழுத்தமான கோடு.

இரண்டு இடத்தில் தடுக்கும். கால் கால் எண்ணுக்கு நுண்கோடு வேண்டுமென்றால் 'மைனர் டிக்' முதலில் போடவேண்டும். இல்லாவிட்டால் எத்தனை முறை கேட்டாலும் கோடு வராது. ஷிஃப்ட் வாரியாகக் கழிவுப் பஞ்சைத் தூண்களாக வரைந்தால், மேட்பிளாட்லிப் தானாகக் கட்டக்கோட்டைத் தூணுக்கு மேலேயே போடும். 'செட் ஆக்ஸிஸ்பிலோ' என்பதற்கு 'ட்ரூ' கொடு. கோடு பின்னால் போய்விடும்.

அந்த லைப்ரரியை எழுதிய ஜான் ஹன்டர் நரம்பியல் ஆராய்ச்சியாளர். வலிப்பு நோயாளிகளின் மூளை மின்னலைகளைப் பார்க்கத்தான் அதை உருவாக்கி, 2003-இல் வெளியிட்டார். அலையைச் சரியாகப் படிப்பதில் ஒரு நோயாளியின் நலம் அடங்கியிருந்தது. உன் வரைபடத்தைப் பார்த்துத்தான் ஒருவர் நூற்பு ஃபிரேமை நிறுத்துவதா ஓட்டுவதா என்று முடிவு செய்யப்போகிறார்.

திங்கட்கிழமை மெயிலில் அனுப்புமுன் ஒரு பிரதி அச்செடுத்து ஸ்பின்னிங் மாஸ்டர் கையில் கொடு. 40.5-ஐத் தாண்டிய நாளைத் தொட்டுக் காட்டச் சொல். அவர் விரல் தடுமாறினால் இன்னொரு முறை வரை.

அன்புடன்,
மாமா