கன்னம் ஒட்டுதா? கிரீம் வாங்குறதுக்கு முன்னாடி பல்லைப் பாரு

"உடம்பு ஏறிக்கிட்டே போகுது, முகம் மட்டும் வத்துதுக்கா." 40 தாண்டின பொம்பளைங்க பத்துப் பேர் சேர்ந்தா அதுல ஒருத்தியாவது இதைச் சொல்லாம இருக்க மாட்டா. நீயும் போன வாரம் போன்ல அதையேதான் சொன்ன. கூடவே 2,000 ரூபாய்க்கு ஒரு கிரீம் பார்த்து வச்சிருக்கேன்னும் சொன்ன. அதை வாங்குறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிரு.

முகத்துல இருக்குற கொழுப்பு ஒரே மெத்தையா பரவிக் கிடக்குதுன்னுதான் டாக்டர்களே ரொம்ப நாள் நினைச்சுக்கிட்டு இருந்தாங்க. 2007-ல ரோரிச், பெஸ்ஸான்னு ரெண்டு அமெரிக்க டாக்டர்கள், இறந்தவங்க முகத்துல நீலச் சாயத்தை ஏத்திப் பார்த்து அதை மாத்தி எழுதினாங்க. சாயம் முகம் முழுக்கப் பரவலை, அங்கங்க தடுப்புக்குள்ள நின்னுடுச்சு. அதாவது, கொழுப்பு தனித்தனி அறையாத்தான் இருக்கு, ஒவ்வொரு அறைக்கும் வயசாகுற வேகம் வேற. கன்னத்துக்கு அடியில ஆழமா இருக்குற அறை சுருங்கினா மேல இருக்குறதுக்குத் தாங்கல் போயிடும், அது கீழ இறங்கும். மூக்கோரக் கோடு ஆழமாகுறதும், தாடை ஓரத்துல பை மாதிரி தொங்குறதும் இதனாலதான். வயித்துல சேர்ற கொழுப்பு இங்க வந்து நிரப்பாது.

கொழுப்புக்கும் அடியில எலும்பு இருக்கு, அதுவும் மாறுது. கண்குழி கொஞ்சம் விரியும், மேல்தாடை பின்வாங்கும். மேல தோல்ல இருக்குற கொலாஜன், மாதவிடாய் நின்ன முதல் அஞ்சு வருஷத்துலேயே ஏறக்குறைய 30 சதவீதம் குறையுதுன்னு கணக்கு சொல்றாங்க. கிரீம் வேலை செய்யுறது இந்த மேல் தோல்ல மட்டும்தான். "ஹையலுரானிக் ஆசிட் இருக்கு, பள்ளத்தை நிரப்பும்"னு டப்பாவுல போட்டிருந்தாலும், அது தோல்ல ஈரத்தைப் பிடிச்சு வைக்கும், அவ்வளவுதான். தேங்காய் எண்ணெய்க்கும் இதே கதைதான், விலை மட்டும் குறைச்சல்.

உனக்கு வத்தியிருக்கா, தொங்குதான்னு வீட்டுலேயே ஓரளவு பார்த்துக்கலாம். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கைக்கண்ணாடியில முகத்தைப் பாரு. அப்புறம் கட்டில்ல மல்லாந்து படுத்து, அதே கண்ணாடியை மேல பிடிச்சுப் பாரு. படுத்ததும் கோடெல்லாம் காணாமப் போய் முகம் நிரம்பிட்டா, தொங்குறதுதான் பெரிய பங்கு. படுத்த பிறகும் கன்னத்துலயோ நெத்திப்பொட்டுப் பக்கத்துலயோ குழி அப்படியே நின்னா, உள்ள நிஜமாவே குறைஞ்சிருக்கு. பரிசோதனைன்னு சொல்ற அளவுக்கு இல்லை, ஆனா எதுக்குச் செலவு பண்றோம்னாவது தெரியும்.

இப்ப பல்லுக்கு வர்றேன். நம்ம வீட்டுப் பொம்பளைங்க எல்லாரும் தள்ளிப் போடுற விஷயம் இது. கடைவாய்ப் பல்லு சொத்தையானா பிடுங்கிடுவோம், "உள்ளதானே, யாரு பார்க்கப் போறா"ன்னு அதோட விட்டுடுவோம். பல்லைத் தாங்குற தாடை எலும்பு பல்லுக்காகத்தான் நிக்குது. பல்லு போனா அந்த இடத்துல எலும்பு கரையும், அதுவும் முதல் வருஷத்துலதான் அதிகமா. ரெண்டு பக்கமும் கடைவாய்ப் பல் இல்லாதவங்களுக்குக் கன்னம் உள்ள இழுக்கும். எல்லாப் பல்லும் போயிட்டா மூக்குக்கும் முகவாய்க்கும் நடுவுல இருக்குற தூரமே குறைஞ்சிடும். பழைய போட்டோவுல பாட்டிங்க வாய் உள்ள போயிருக்குமே, அதுக்கு வயசை மட்டும் குத்தம் சொல்ல முடியாது.

பல்செட்டை டம்ளர் தண்ணியில போட்டு வச்சுட்டு, விசேஷத்துக்கு மட்டும் மாட்டிக்கிற அத்தைகளை நீயும் பார்த்திருப்ப. கேட்டா "லூசா இருக்கு"ம்பாங்க. பல்செட் சுருங்கலை, அதுக்கு அடியில ஈறும் எலும்பும் குறைஞ்சிருக்கு. டாக்டர்கிட்ட கொண்டு போனா உள்பக்கம் சரிபண்ணிக் கொடுப்பாங்க, இல்லைன்னா புதுசு செய்யச் சொல்லுவாங்க. செலவுக்குப் பயந்தா அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம். சென்னையில இருக்கு, சிதம்பரத்துல இருக்கு, இப்ப புதுக்கோட்டையிலயும் வந்தாச்சு. வரிசையில உட்காரணும், நாலு தடவை அலையணும், அதை மறைக்க மாட்டேன். ஈறுல ரத்தம் வருதுன்னா அதையும் விடாதே, ஈறு நோயும் எலும்பைத்தான் தின்னும். வெத்தலை பாக்கு, புகையிலை போடுற பழக்கம் யாருக்காவது இருந்தா அதை நிறுத்துறதுக்கு முகம் கடைசிக் காரணமா இருக்கட்டும், முதல் காரணம் வாய்ப் புற்றுநோய்.

அடுத்தது எடை. பொண்ணு கல்யாணத்துக்கு மூணு மாசம் இருக்கும்போது ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தி 10 கிலோ குறைக்கிறவங்களுக்கு, மணமேடையில இடுப்பு இளைச்சிருக்கும், முகம் களைச்சிருக்கும். 2025-ல எடை குறைக்கிற மௌன்ஜாரோ, வீகோவி ஊசியெல்லாம் இந்தியாவுக்கு வந்த பிறகு, அதே மாதிரி இன்னொரு ஊசியோட பேரை வச்சு "ஒசெம்பிக் முகம்"னு நம்ம ஊர்லயும் பேச ஆரம்பிச்சிருக்காங்க. மருந்து தேடிப் போய் முகத்தைத் தாக்குறதில்லை, வேகமா இளைச்சா எப்படி இளைச்சாலும் கன்னம் போகும். சர்க்கரைக்கோ உடல்பருமனுக்கோ டாக்டர் எழுதின ஊசியை முகத்துக்காக நிறுத்திடாதே, அது அசட்டுத்தனம். நீயா குறைக்கிறதா இருந்தா வாரம் அரைக்கிலோ போதும். புரதம் கன்னத்தை நிரப்பிடாதுதான், ஆனா இளைக்கும்போது தசை கரையாமக் காக்கும். 60 கிலோ எடைக்கு ஐ.சி.எம்.ஆர். கணக்குப்படி ஒரு நாளைக்குச் சுமார் 50 கிராம் வேணும். காலையில இட்லி சட்னி, ராத்திரி ரெண்டு தோசைன்னா எங்க வரும்? முட்டை ஒண்ணுல 6 கிராம், ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டல்ல 14 கிராம்.

ஒண்ணுமே பண்ணாம எடை குறைஞ்சு கன்னம் ஒட்டுதுன்னா, அழகுக் குறிப்பு படிக்கிறதை விட்டுட்டுச் சர்க்கரை, தைராய்டு டெஸ்ட் எடு. இருமலும் சாயங்காலக் காய்ச்சலும் சேர்ந்திருந்தா காசநோயும் பார்க்கச் சொல்லு.

வெயிலைப் பத்தி ரொம்ப நீட்ட மாட்டேன். 28 வருஷம் லாரி ஓட்டின ஒரு அமெரிக்கரோட போட்டோ 2012-ல ஒரு மருத்துவ இதழ்ல வந்துச்சு, ஜன்னல் பக்கமா இருந்த இடது பாதி முகம் மட்டும் கிழடு தட்டியிருந்தது. யு.வி.ஏ. கதிருக்குக் கண்ணாடி தடையில்லை. ஆஸ்திரேலியாவுல நம்பூர்ங்கிற ஊர்ல 903 பேரை நாலரை வருஷம் பார்த்ததுல, தினமும் சன்ஸ்கிரீன் போட்டவங்களுக்குத் தோல் முதுமை 24 சதவீதம் குறைச்சலா இருந்துச்சு. எஸ்.பி.எஃப். 30-க்கு மேல வாங்கு, ரெண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி முகத்துக்கும் கழுத்துக்கும் போடு. ஸ்கூட்டியில துப்பட்டாவைச் சுத்திக்கிட்டுப் போறியே, அது ரொம்ப நல்ல பழக்கம், விட்டுடாதே.

கோபம் வர்ற இடம் ஒண்ணு இருக்கு. மங்குக்கும் சிவப்பழகுக்கும்னு மெடிக்கல் ஷாப்புல சீட்டு இல்லாம வாங்கிப் பூசுற டியூப். அதைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படி. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன்னு எது இருந்தாலும் அது ஸ்டீராய்டு. முதல் சில வாரம் முகம் பளிச்சுனு இருக்கும், பக்கத்து வீட்டுக்காரியும் பேர் கேட்டு வாங்குவா. மாசக்கணக்குல போட்டா தோல் மெலிஞ்சு சிவப்பு நரம்பு தெரியும், பரு வரும், மீசை முடி முளைக்கும். உள்ள ஏற்கெனவே வத்துற வயசுல மேல் தோலையும் நாமே மெலிய வைக்கிறோம். பல நாள் போட்டதைத் திடீர்னு நிறுத்தினாலும் முகம் எரிஞ்சு சிவக்கும், அதனால தோல் டாக்டரைப் பார்த்து நிறுத்து. அவர் ட்ரெட்டினாயின் எழுதிக் கொடுத்தா அது வேற மருந்து, கொலாஜனுக்கு நல்லது. ராத்திரி பட்டாணி அளவு போதும். கர்ப்பமா இருந்தா கூடாது.

முகப் பயிற்சியைப் பத்திக் கேட்ட. 2018-ல சிகாகோ பக்கம் நடத்திப் பார்த்தாங்க. 40-லிருந்து 65 வயசு வரைக்கும் உள்ள பொம்பளைங்க, முதல் எட்டு வாரம் தினமும் அரைமணி நேரம், அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள், மொத்தம் 20 வாரம். கன்னம் கொஞ்சம் நிரம்பினது உண்மைதான், ஆனா 27 பேர்ல 16 பேர்தான் கடைசி வரைக்கும் செஞ்சாங்க. அந்த அரைமணி நேரம் உனக்குக் கிடைச்சா நடந்துட்டு வா, அதுதான் என் ஓட்டு. முகத்துல கல் உருட்டுறது, மசாஜ் எல்லாம் காலை வீக்கத்தை வடிக்கும், மத்தியானத்துக்குள்ள பலன் முடிஞ்சிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஆசை இருந்தா, பள்ளத்தை உள்ள இருந்து நிரப்புற ஃபில்லர் ஊசி இருக்கு. போட்டுக்கிறது தப்புன்னு சொல்ற ஆளு நான் இல்லை. ஹையலுரானிக் ஆசிட் ஃபில்லர் ஆறு மாசத்துலேர்ந்து ஒன்றரை வருஷம் வரைக்கும் நிக்கும், பிடிக்கலைன்னா ஹையலுரானிடேஸ்னு இன்னொரு ஊசி போட்டுக் கரைச்சிடலாம். முதல் தடவைக்கு அதனாலதான் இது நல்லது. மத்த வகைகளை இப்படிக் கரைக்க முடியாது. "நிரந்தரம்"னு யாராவது சொன்னா எழுந்து வந்துடு. வயித்துக் கொழுப்பை எடுத்துக் கன்னத்துல வைக்கிற முறையும் இருக்கு, வச்சதுல ஒரு பங்கை உடம்பே உறிஞ்சிக்கும்.

பியூட்டி பார்லர்ல மட்டும் போட்டுக்காதே. ஊசி தப்பி ரத்தக்குழாய்க்குள்ள போனா தோல் செத்துப் போகலாம், அபூர்வமா கண்பார்வையே போயிருக்கு. மூக்கும் ரெண்டு புருவத்துக்கு நடுவும்தான் ரொம்ப ஆபத்தான இடம். தோல் மருத்துவத்துலயோ பிளாஸ்டிக் சர்ஜரியிலயோ பட்டம் வாங்கினவரா பார்த்துப் போ. உட்கார்ந்ததும் "கரைக்கிற மருந்து இப்ப கையில இருக்கா டாக்டர்?"னு கேளு, சிரிச்சாலும் பரவாயில்லை. போட்ட பிறகு கடுமையா வலிச்சாலோ, தோல் வெளுத்தாலோ, வலை மாதிரி திட்டுத்திட்டா நிறம் மாறினாலோ, பார்வை மங்கினாலோ விடியட்டும்னு காத்திருக்காதே, அந்த நிமிஷமே போன் பண்ணிட்டு ஓடு. டப்பாவைப் பிரிக்கிறதை உன் கண்ணால பாரு. உள்ள பேட்ச் நம்பரோட ஸ்டிக்கர் இருக்கும், அதைக் கேட்டு வாங்கி உன் ஃபைல்ல ஒட்டி வை.