பூச்சுக்கு முன் சுவரைப் படியுங்கள்: செஞ்சியில் கரணை பிடிக்க வந்த தம்பிகளுக்கு

கலவை போடுவதைக் கற்றுக்கொள்ள எல்லோருக்கும் அவசரம். பூச்சு நிற்பதும் விழுவதும் அதற்கு முன்னாலேயே முடிவாகிவிடுகிறது. ஆகவே கரணையைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள்.

1. முதலில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். உடனே உறிஞ்சினால் செங்கல் காய்ந்து கிடக்கிறது. சாந்தில் உள்ள நீரையும் அது குடித்துவிடும். முத்து முத்தாக உருண்டால் எண்ணெய்ப்பசை இருக்கிறது. நம்மூர்க் கோடையில் வெயில் படும் சுவரை முந்தைய மாலையே நனைத்து, காலையில் மறுபடி தெளிக்க வேண்டும். ஈரம் உள்ளே இருக்கட்டும். மேலே நீர் மினுங்கும்போது பூசாதீர்கள்.

2. கான்கிரீட் கூரை வழவழப்பானது. சென்ட்ரிங் ஷீட்டில் தடவிய எண்ணெய் அதில் ஒட்டியிருக்கும். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவி, நெருக்கமாகக் கொத்துங்கள். ஷீட் பிரித்த சில நாளுக்குள் கொத்தினால் கை நோகாது. சிமெண்ட் பால் அடித்தால் அது காயும் முன் பூசிவிட வேண்டும். காய்ந்த பாலின் மேல் ஏற்றிய பூச்சு தகடாகக் கழன்று வரும். கூரைக்கு 6 மி.மீ. கனம் போதும். மேடுபள்ளத்தைச் சாந்தால் மறைக்க நினைத்துக் கனத்தை ஏற்றினால், கீழே படுத்திருப்பவர் தலைக்கு ஆபத்து.

3. செங்கல் சுவரில் இணைப்புச் சாந்தைச் சுமார் 10 மி.மீ. ஆழம் சுரண்டுங்கள். தூணும் செங்கலும் சேரும் கோட்டில் கோழி வலை அடியுங்கள். கரண்ட் பைப்புக்கு வெட்டிய காடியை முதலில் அடைத்து இறுகவிடுங்கள். உப்புப் பூத்திருந்தால் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். துடைத்துவிட்டு மேலே பூசுவது வீட்டுக்காரரை ஏமாற்றுவது.

4. பழைய சுண்ணாம்பு வீட்டில் வேலை கிடைத்தால் கரணைக் காம்பால் சுவரைத் தட்டுங்கள். பொள்ளென்று ஒலிக்கும் இடத்தை மட்டும் எடுங்கள். கெட்டியாக ஒலிப்பதைத் தொடாதீர்கள். எடுத்த இடத்தில் சுண்ணாம்புச் சாந்தே போக வேண்டும். சிமெண்ட் போட்டால் சுவரின் ஈரம் வெளியேற வழியின்றி, உப்போடு சேர்ந்து செங்கலையே அரிக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோட்டைக்குப் போய்க் கல்யாண மகாலையும் நெற்களஞ்சியத்தையும் நிதானமாகப் பாருங்கள். சுதை உதிர்ந்த இடங்களில் உள்ளே இருக்கும் கட்டு தெரியும். எதன்மேல் எது பிடித்து நின்றது என்று கண்ணால் படிக்கலாம். 2025-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய மராட்டியர் கோட்டைகள் 12-இல் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். சுவரைச் சுரண்டாமல், பெயர் கிறுக்காமல் பாருங்கள்.

5. இப்போது கடைகளிலும் கல்யாண மண்டபங்களிலும் ஜிப்சம் போர்டு வந்துவிட்டது. கொத்தனார் பழக்கம் இங்கே செல்லாது. போர்டின் மேல் சிமெண்ட் சாந்து ஏறக்கூடாது, தண்ணீர் தெளிக்கக்கூடாது, கொத்தவும் கூடாது. அதன் பலம் பாதி மேலே ஒட்டிய காகிதத்தில் இருக்கிறது. ஸ்க்ரூ தலை காகிதத்தைக் கிழிக்காமல் சற்றே உள்ளே அமுங்க வேண்டும். கிழித்துவிட்டால் அந்த ஸ்க்ரூ பிடிக்காது, பக்கத்தில் இன்னொன்று போடுங்கள். 12.5 மி.மீ. போர்டுக்கு 25 மி.மீ. ஸ்க்ரூ, 230 மி.மீ. இடைவெளி. தாங்கும் சேனல்கள் ஒன்றரை அடிக்கு ஒன்று. இணைப்புகள் ஒரே கோட்டில் வராமல் மாற்றி அடுக்குங்கள்.

இணைப்பில் முதலில் ஜாயிண்டிங் கலவை, அதில் காகித டேப்பைக் காற்றுக்குமிழ் இல்லாமல் அழுத்தி, காய்ந்தபின் அகலமாக இரண்டாம் கை. வெட்டிய ஓரத்தைக் கத்தியால் லேசாகச் சாய்த்தால் கலவை உட்காரும். தூசி துடைத்தபிறகே மெல்லிய ஜிப்சம் பூச்சு.

இதைவிட முக்கியமானது மேலே இருக்கிறது. ஐப்பசி மழைக்கு ஒழுகும் மொட்டைமாடியின் கீழே போர்டு அடிக்காதீர்கள். தண்ணீர் கட்டிச் சோதித்துவிட்டுத்தான் வேலை. நனைந்து ஊதிய போர்டைத் தூக்கிப் போடுங்கள், காயவைத்துத் திரும்ப மாட்டாதீர்கள். ஃபேன் கொக்கி கான்கிரீட்டிலிருந்து இறங்க வேண்டும், சேனலிலிருந்து அல்ல. மூடுவதற்கு முன் ஒயரிங்கை எலக்ட்ரீஷியன் சோதித்தாரா என்று கேளுங்கள்.

6. கூரை முதலில், சுவர் பிறகு. கொத்தும்போது கண்ணாடி போடுங்கள். சாரத்தில் ஏறும் முன் கட்டிய கயிற்றை நீங்களே இழுத்துப் பாருங்கள்.

7. தயாரிப்புக்கு ஒரு நாள் கேட்டால் பல வீட்டுக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். கொத்தாத கூரையைத் தட்டிக் காட்டி, பூச்சு எப்படி விழும் என்று விளக்கிச் சொல்லுங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் அந்த வேலையை விட்டுவிடுங்கள், தம்பி.