மாவுக்கட்டு பிரித்த பிறகுதான் வேலை ஆரம்பம்

கால் வழுக்கினால் கையை ஊன்றித்தான் விழுவோம். உடல் எடை முழுவதும் மணிக்கட்டில் இறங்கி, முன்கையில் கட்டைவிரல் பக்கம் உள்ள ஆர எலும்பின் நுனி முறியும். 1814-இல் டப்ளின் மருத்துவர் ஆபிரகாம் காலிஸ் விவரித்ததால் இதற்கு ‘காலிஸ் முறிவு’ என்று பெயர். ஐம்பது வயதைத் தாண்டிய பெண்களிடம் இது அதிகம். கட்டு பிரித்த பிறகு வரும் மாதங்களில்தான் தவறான நம்பிக்கைகள் பலரது கையைக் கெடுக்கின்றன.

நம்பிக்கை: கட்டைப் பிரித்ததும் கை பழையபடி ஆகிவிடும்.

உண்மை: எலும்பு கூட ஏறத்தாழ ஆறு வாரம் ஆகும். அதற்குள் மூட்டு இறுகி, தசை மெலிந்திருக்கும். ஈரத்துணியைப் பிழிவதும் தரையில் கை ஊன்றி எழுவதும் பல மாதங்களுக்குச் சிரமமாகவே இருக்கும். பிடிவலு திரும்ப ஆறு மாதம் முதல் ஒரு வருடம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகலாம். மூன்றாம் மாதத்தில் வலி இருந்தால் மனம் தளர வேண்டாம். ஆனால் கை எரிந்து, வீங்கி, தோல் நிறம் மாறினாலோ, கட்டைவிரலைத் திடீரெனத் தூக்க முடியாமல் போனாலோ உடனே மருத்துவரைப் பாருங்கள்.

நம்பிக்கை: கட்டு இருக்கும்வரை கையை அசைக்கவே கூடாது.

உண்மை: ஓய்வு மணிக்கட்டுக்கு மட்டும்தான். மருத்துவர் தடுக்காதவரை விரல்களை முதல் நாளிலிருந்தே முழுதாக மடக்கி நீட்டுங்கள். முழங்கையையும் தோளையும் அசையுங்கள். விரல் நீலம் பாரித்தாலோ, மரத்துப்போனாலோ, வலி ஏறிக்கொண்டே போனாலோ விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். கட்டு இறுகி ரத்த ஓட்டம் தடைபட்டிருக்கலாம்.

நம்பிக்கை: எண்ணெய் போட்டு அழுத்தி உருவினால் இறுக்கம் விடும்.

உண்மை: பிறர் வலுவில் பிடித்து வளைத்தால் வலியும் வீக்கமும்தான் கூடும். கையை வெதுவெதுப்பான நீரில் வைத்து நாமே மெல்ல அசைப்பது நல்லது. பந்தை அழுத்தும் பயிற்சி மட்டும் போதாது. உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பும் அசைவு பலருக்கு முழுதாகத் திரும்புவதில்லை. கோயிலில் தீர்த்தம் வாங்கக் கை ஏந்த அதுதான் வேண்டும். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துத் திருப்புங்கள். விலகினால் முன்கையின் வேலையைத் தோள் செய்துவிடும்.

நம்பிக்கை: ஆட்டுக்கால் சூப் குடித்தால் எலும்பு சீக்கிரம் கூடும்.

உண்மை: எலும்பிலிருந்து சூப்பில் இறங்கும் கால்சியம் மிகக் குறைவு. பால், தயிர், கேழ்வரகு, முட்டை, பருப்பு ஆகியவை அன்றாட உணவில் இருக்கட்டும். புகைபிடித்தால் எலும்பு கூடுவது தாமதமாகும்.

நம்பிக்கை: வழுக்கி விழுந்ததால் உடைந்தது, அவ்வளவுதான்.

உண்மை: நடுத்தர வயதுக்கு மேல், நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே எலும்பு முறிந்தால் அது எலும்பு மெலிவின் முதல் அறிகுறியாக இருக்கலாம். கவனிக்காமல் விட்டால் அடுத்து இடுப்பெலும்பு முறியக்கூடும். முதியவர்களை அது படுக்கையில் தள்ளிவிடும். ஆகவே கட்டு பிரிக்கும் நாளிலேயே, எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். எலும்பு மெலிவுக்கு மருந்து உண்டு. வீட்டுக் குளியலறையில் ஒரு கைப்பிடியும் பொருத்திவிடுங்கள்.