முகில்விடு தூதும் கணிப்பொறித் தூதும்

தமிழ்ச் சிற்றிலக்கியங்களுள் தூது தனிச்சிறப்புடையது. அன்னம், மயில், கிளி, முகில், தென்றல் முதலிய பத்தினைத் தூது விடுத்தற்கு உரியனவாக நம் முன்னோர் வகுத்தனர். முகில் தவழும் மேகமலையின் அடியில், கம்பம் பள்ளத்தாக்கில் வாழும் நமக்கு முகில்விடு தூது அயலான கற்பனையன்று. இன்று முகிலுக்கும் மேலே, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உயரத்தில் உள்ள அயனி மண்டலம் நம் செய்தியை ஏற்றுத் தரையில் இறக்குகின்றது. அதற்குத் துணையாவன அமெச்சூர் வானொலிக் கருவியும் கணிப்பொறியும் ஆகும். இவ்விரண்டையும் இணைக்கும் முறையினையும், அதில் தமிழ் பயில்வார்க்கு உள்ள பங்கினையும் இக்கட்டுரையில் காண்போம்.

அமெச்சூர் வானொலி

ஊதியம் கருதாது, கற்றலும் தொண்டும் நோக்கமாக, நடுவண் அரசின் தேர்வில் வென்று உரிமம் பெற்றோர் நடத்தும் வானொலித் தொடர்பே அமெச்சூர் வானொலி. 'ஹாம்' என்பது அதன் வழக்குப் பெயர். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கியபோது, பாரதி பிரசாத் அவர்களும் அவர்தம் குழுவினரும் போர்ட் பிளேரில் இருந்தனர். பிற தொடர்புகள் அறுந்த வேளையில், அவர்கள் தம் வானொலி வழியே தீவு மக்களின் நிலையைத் தாயகத்திற்கு அறிவித்தனர். அச்செய்திகள் பெரும்பாலும் குரல் வழியே சென்றன. குரல் தேயும் இடத்திலும் எழுத்துச் செல்லும் என்பதே டிஜிட்டல் எனப்படும் எண்முறையின் பயன்.

மலையும் அலையும்

சின்னமனூருக்கும் வருசநாட்டுக்கும் இடையே மலைத்தொடர் நிற்கின்றது. 144 மெகாஹெர்ட்ஸ் போன்ற உயர் அதிர்வெண் அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வன. ஆகவே மலை அவற்றை மறைத்துவிடும். 7 மெகாஹெர்ட்ஸ் அலையோ, தாழக் கட்டிய கம்பியிலிருந்து ஏறத்தாழச் செங்குத்தாக மேலெழுந்து, அயனி மண்டலத்தில் திரும்பி, மலையின் மறுபுறத்திலும் இறங்கும். இதற்குச் சுமார் 20 மீட்டர் நீளமுள்ள செம்புக் கம்பியை நடுவில் பிரித்து, அவ்விடத்தில் கருவியின் கேபிளை இணைத்தாற் போதும். மேகமலைக் காடு 2021 முதல் திருவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்தில் அடங்கியுள்ளது. ஆதலின் அங்குக் கம்பி கட்ட விழைவோர் வனத்துறையின் இசைவு பெறுதல் வேண்டும்.

மூன்று இணைப்புகள்

கருவியையும் கணிப்பொறியையும் பிணைப்பன மூன்று.

முதலாவது ஒலி. கருவி ஏற்ற ஒலி கணிப்பொறிக்குள் செல்லவேண்டும். கணிப்பொறி எழுப்பும் ஒலி கருவிக்குள் செல்லவேண்டும். பழைய கருவிகளில் இவ்விரு வழிகளிலும் 1:1 விகித மின்மாற்றி ஒவ்வொன்றை இடையில் வைத்தல் நன்று. அஃது ஒலியைக் கடத்தும். இரு கருவிகளின் மின்சுற்றுகளை நேரே சேரவிடாது. அதனால் இரைச்சல் குறையும். புதிய கருவிகள் பலவற்றில் ஒலியட்டை உள்ளேயே அமைந்திருப்பதால் ஒரே யு.எஸ்.பி. கேபிள் போதுமானது.

இரண்டாவது, பேசுவதா கேட்பதா என்னும் ஆணை. கணிப்பொறியின் தொடர்வரிசை முனையிலிருந்து வரும் சிறு மின்னழுத்தம் ஒரு டிரான்சிஸ்டரை இயக்க, அது கருவியை ஒலிபரப்பு நிலைக்கு மாற்றும்.

மூன்றாவது காலம். எஃப்.டி.8 என்னும் முறையில் ஒவ்வொரு நிலையமும் 15 நொடிக் கூறுகளில் மாறிமாறிப் பேசும். கணிப்பொறிக் கடிகாரம் ஏறத்தாழ ஒரு நொடிக்குமேல் பிழைத்தால், அருகில் உள்ளவன் அனுப்பியதும் விளங்காது. இணையம் எட்டாத மலையில் ஜி.பி.எஸ். ஏற்பியிலிருந்து நேரத்தைப் பெறலாம்.

இவற்றோடு அடக்கமும் வேண்டும். ஒலியளவை மிகுத்தால் அலை சிதறிப் பிறர் தொடர்பைக் கெடுக்கும். எஃப்.டி.8 ஒரு கூறில் 12.64 நொடி இடைவிடாது ஒலிபரப்புவதால் கருவி சூடேறும். 100 வாட் கருவியாயின் பாதிக்கும் குறைந்த ஆற்றலில் இயக்குதல் நலம்.

இருவேறு முறைகள்

இயற்பியலுக்காக 1993-இல் நோபல் பரிசு பெற்ற அறிஞர் ஜோ டெய்லர், ஸ்டீவ் ஃபிராங்க் என்பாருடன் சேர்ந்து 2017-இல் எஃப்.டி.8 முறையை வெளியிட்டார். செவிக்குப் புலப்படாது இரைச்சலில் அமிழ்ந்த சமிக்ஞையையும் அது மீட்டெடுக்கும். எனினும் நம் விருப்பப்படி எழுதும் செய்திக்கு அது தரும் இடம் 13 எழுத்துகளே. வழி திறந்துள்ளதா என ஆராய அது சிறந்தது. நோயுற்றவர் நிலையை விளக்க அது போதாது.

உரையாடலுக்கு உகந்தது, இங்கிலாந்தின் பீட்டர் மார்ட்டினெஸ் 1998-இல் பரப்பிய பி.எஸ்.கே.31. விசைப்பலகையில் தட்டும் எழுத்து அப்போதே மறுமுனையில் தோன்றும். அவர் ஒரு நுட்பம் செய்தார். ஆங்கிலத்தில் மிகுதியாக வரும் எழுத்துகளுக்குக் குறுகிய குறியீட்டையும், அருகி வருவனவற்றுக்கு நீண்ட குறியீட்டையும் வகுத்தார். 'இ' என்னும் ஆங்கில எழுத்துக்கு இரண்டே பிட்டுகள்.

தமிழுக்கு உள்ள இடம்

இங்கேதான் தமிழ்த்துறையின் கடமை தொடங்குகின்றது. எஃப்.டி.8 ஏற்கும் எழுத்து வரிசையில் ஆங்கில எழுத்துகளும் எண்களும் சில குறிகளுமே உள்ளன. யூ.டி.எஃப்.-8 முறையிலோ ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகளைக் கொள்ளும். 'மலை' என்னும் ஈரெழுத்துச் சொல் ம, ல, ஐகாரக் குறி என மூன்று குறிகளாய் ஒன்பது பைட்டுகள் ஆகின்றது. 'ஹில்' என்னும் நான்கெழுத்து ஆங்கிலச் சொல்லுக்கு நான்கே பைட்டுகள். மெல்லிய அலைவழியில் இவ்வேறுபாடு காலத்தையும் மின்கல ஆற்றலையும் தின்னும்.

தேயிலைத் தோட்டத்துத் தாய் ஒருத்தி இடருற்ற நாளில் தன் மகனுக்குச் செய்தி அனுப்ப ஆங்கிலத்தை நாட வேண்டுமா? வேண்டுவதில்லை. தமிழ் உரைநடையில் எவ்வெழுத்து மிகுதி, எவ்வெழுத்து அருகல் எனக் கணக்கிட்டு, மிகுதியானவற்றுக்குக் குறுங்குறியீடு வகுக்கலாம். எழுத்துகளின் வருகை இடங்களைத் தொல்காப்பியர் மொழிமரபில் ஆராய்ந்தார். அந்நெறியில் பயின்ற நம் மாணவர்க்கு இவ்வாய்வு எட்டாததன்று. அனைவரும் அறியும்படி வெளியிட்ட குறியீடாக அஃது இருத்தல் வேண்டும். பொருளை மறைக்கும் மறைமொழிக்கு அமெச்சூர் வானொலியில் இடமில்லை.

நிறைவாக

இயற்பியல் பயில்வார் கம்பியைக் கட்டுக. கணிப்பொறி பயில்வார் நிரலை எழுதுக. தமிழ் பயில்வார் எழுத்தை எண்ணுக. மூவரும் உரிமம் பெற்றோர் ஒருவரின் மேற்பார்வையில் கூடிப் பயில, ஊர்ப் பெரியோர் ஊக்கமும் இடமும் நல்குவாராக. சாலை சரிந்து மின்சாரம் நின்ற ஒரு நாளில், மலையின் இருபுறமும் ஒருவர் நலத்தை ஒருவர் தாய்மொழியில் அறியக்கூடுமாயின், அதுவே இக்கல்வியின் பயன்.