ஓப்பன் சோர்ஸில் முதல் வேலை: எதை எடுப்பது, எதை விடுவது

மாட்டுப்பட்டி, குண்டளை பக்கத்து எஸ்டேட்களிலிருந்து கோயம்புத்தூருக்கும் கொச்சிக்கும் இன்ஜினீயரிங் படிக்கப் போன பிள்ளைகள் லீவுக்கு வந்தால் கேட்பது இப்போது ஒரே கேள்விதான். "அண்ணே, ஓப்பன் சோர்ஸ்ல ஏதாவது பண்ணி ரெஸ்யூம்ல போடணும், எது ஈசி?" கூட வரும் அப்பாவுக்கு அதைவிட அவசரம். "மேல் லயத்துப் பையன் சர்டிபிகேட் வாங்கிட்டானாம் தம்பி, இவனுக்கும் ஒண்ணு பாத்து விடுங்க." ஈசி என்பதற்காகவும், அடுத்த வீட்டில் வாங்கிவிட்டார்கள் என்பதற்காகவும் எடுத்த வேலை பாதியில் நிற்பதைப் பார்த்துப் பார்த்துதான் இதை எழுதுகிறேன்.

எல்லோருக்கும் தெரிந்த வழிகளை விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. டாக்குமென்டேஷனில் பிழை திருத்தலாம், தமிழில் மொழிபெயர்க்கலாம், சின்ன பக் ஒன்றைச் சரிசெய்யலாம். மூன்றும் நல்லவையே. கூகுள் 2005 முதல் நடத்தும் சம்மர் ஆஃப் கோட் என்ற ஓப்பன் சோர்ஸ் திட்டமும் நல்லதுதான். இலங்கையின் மொரட்டுவைப் பல்கலைக்கழக மாணவர்கள் அதில் பல வருஷம் முன்னணியில் நின்றார்கள். ஆனால் ஒரு பிராஜெக்டோடு சில மாதமாவது பழகியவருக்குத்தான் அது சரிப்படும். கடைசி வாரத்தில் யாரோ எழுதிய ப்ரொபோசலைப் பார்த்து எழுதி அனுப்பினால் வேலைக்கு ஆகாது.

நான் வேண்டாம் என்று அடித்துச் சொல்வது ஒன்றைத்தான்: எண்ணிக்கைக்காக புல் ரிக்வெஸ்ட் போடுவது. டிஜிட்டல்ஓஷன் நிறுவனம் 2014இல் ஆரம்பித்த ஹாக்டோபர்ஃபெஸ்ட் என்ற அக்டோபர் மாத ஓப்பன் சோர்ஸ் விழாவின் நோக்கத்தில் குறை இல்லை. 2020இல் நான்கு புல் ரிக்வெஸ்டுக்கு ஒரு டி-ஷர்ட் என்று இருந்தது. ரீட்மீ ஃபைலில் ஒரு வார்த்தையைச் சேர்த்தால் போதும் என்று யூடியூப் சொல்லிக் கொடுக்க, அக்டோபர் பிறந்ததுமே குப்பை குவிந்தது. சம்மதம் சொன்ன பிராஜெக்டுகளுக்கு மட்டும்தான் கணக்கு என்று சில நாளிலேயே விதியை மாற்ற வேண்டி வந்தது. 2023இல் டி-ஷர்டையே நிறுத்திவிட்டார்கள். பழக்கம் மட்டும் நிற்கவில்லை. 2024இல் எக்ஸ்பிரஸ் பிராஜெக்டின் ரீட்மீயில் புதியவர்கள் வரிசையாக வந்து தங்கள் பெயரைச் சேர்க்கப் பார்த்தார்கள். அதற்கும் பின்னால் ஒரு யூடியூப் பாடம் இருந்தது. சம்பளம் இல்லாமல் ராத்திரி உட்கார்ந்து இதையெல்லாம் ஒவ்வொன்றாக மூடுகிற மனுஷனை நினைத்துப் பாருங்கள். அதைவிட, இன்டர்வியூவில் "இதுல நீங்க என்ன மாத்தினீங்க?" என்று கேட்டால் பையன் என்ன பதில் சொல்வான்? கிட்ஹப் பக்கத்தில் நிறைந்திருக்கும் பச்சைக் கட்டங்கள் அவனுக்காகப் பேசாது.

அப்படியானால் எதை எடுப்பது? என் சாய்வை ஒளிக்கவில்லை. நான் வருஷக்கணக்காக பில்ட் டூல்களோடு மல்லுக்கட்டுகிறவன், அதனால் அங்கேதான் கைகாட்டுவேன். அதிலும் குறிப்பாக, ஒவ்வொரு பயனரும் தன் மெஷினுக்குத் தனியாக செட்டிங் வைத்துக்கொள்ளும் வசதி.

பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. எஸ்டேட் பையனிடம் நாலு ஜிபி ரேம் லேப்டாப். கிரேடில் என்ற பில்ட் டூலில் ஓடும் டீம் பிராஜெக்டில் நாலு ஜிபி மெமரி கேட்டு எழுதியிருக்கிறார்கள். பில்ட் ஓட்டினால் மெஷின் உறைந்துவிடும். பொது ஃபைலை மாற்றி கமிட் செய்தால் டீம் திட்டும். ஹோம் ஃபோல்டருக்குள் கிரேடிலுக்கென்று இருக்கும் ப்ராப்பர்ட்டீஸ் ஃபைலில் ஒரே வரியில் ஒரு ஜிபி என்று எழுதினால் தீர்ந்தது. பிராஜெக்ட் சொல்வதை அது மீறும். மேவன் என்ற இன்னொரு பில்ட் டூலில் பாஸ்வேர்டுகள் பிராஜெக்டுக்குள் இல்லாமல் ஹோம் ஃபோல்டர் ஃபைலில் இருப்பதும் இதே வசதியால்தான். சிமேக் என்ற டூலுக்கு 3.19 வெர்ஷனில், 2020இல்தான், டீமுக்கு ஒரு ப்ரீசெட் ஃபைல், கமிட் செய்யாமல் அவரவர் வைத்துக்கொள்ள இன்னொன்று என்ற ஏற்பாடு வந்தது. அத்தனை பழைய டூலிலேயே இந்த வேலை அவ்வளவு நாள் மிச்சம் இருந்திருக்கிறது. நீங்கள் தினம் ஓட்டும் சின்ன டூலில் இன்னும் இருக்கலாம்.

இந்த வசதியைச் சேர்ப்பது, கோடு என்று பார்த்தால், ஒரு ஃபைலைத் தேடிப் படிப்பதுதான். கஷ்டம் வேறு இடத்தில். பிராஜெக்ட் ஃபைலும் ஹோம் ஃபைலும் முரண்பட்டால் யார் சொல் எடுபடும்? கிரேடிலில் ஹோம் ஃபைல் ஜெயிக்கும். ரஸ்டின் கார்கோவில் தலைகீழ், பிராஜெக்டுக்குள் இருப்பது ஜெயிக்கும். இரண்டுக்கும் நியாயம் உண்டு. உங்கள் டூலுக்கு எது என்று வாதாடத் தெரிய வேண்டும். செட்டிங்கை வைப்பது ஹோம் ஃபோல்டரில் புள்ளியில் தொடங்கும் இன்னொரு ஃபைலிலா, அல்லது அதற்குள் இருக்கும் கான்ஃபிக் ஃபோல்டரிலா? விண்டோஸில் எங்கே? எல்லாவற்றுக்கும் மேல், "என் மெஷினில் ஓடுகிறது, உன் மெஷினில் ஓடவில்லை" என்ற வியாதியை இந்த வசதியே பரப்பிவிடும் என்று மெயின்டெய்னர் பயப்படுவார். அந்தப் பயம் நியாயமானது. கோ மொழி 2019இல் 1.13 வெர்ஷனில் இந்த வசதியைக் கொண்டுவந்தபோது, என்விரான்மென்ட் வேரியபிளுக்கே முதல் மரியாதை, பயனர் ஃபைலை அடியோடு அணைக்கவும் ஒரு வழி என்று வைத்தார்கள். அந்த அணைக்கும் ஸ்விட்சை ப்ரொபோசலிலேயே எழுதிக்கொண்டு போங்கள், பாதிச் சண்டை குறையும்.

இதற்குப் பொறுமை வேண்டும். 1963இல் நம் மாட்டுப்பட்டியிலேயே தொடங்கிய இந்தோ-சுவிஸ் கால்நடைத் திட்டத்தில் பிரவுன் சுவிஸ் காளையையும் நாட்டுப் பசுவையும் சேர்த்த மறுவருஷமே சுனந்தினி என்ற கலப்பின மாடு வந்துவிடவில்லை. கன்றுகளை வளர்த்து, கறந்து பார்த்து, தேறியதை மறுபடி சேர்த்து, தலைமுறை தலைமுறையாக நடந்த வேலை அது. ரிவ்யூவும் அப்படித்தான் இழுக்கும். அடுத்தவர் எழுதிய கோடை வாசிக்கப் பிடிக்காதவன் இந்தப் பக்கம் வர வேண்டாம். அவனுக்கு டிசைனோ டெஸ்டிங்கோ நன்றாக வரலாம். அப்பாமார்களும் பையனுக்கு எது ஓடுகிறது என்று பார்த்துவிட்டுப் பேசட்டும்.

வருகிறவர்கள் நேராக கோடை அனுப்ப வேண்டாம். இதே வசதியை முன்பு யாராவது கேட்டார்களா, ஏன் மறுத்தார்கள் என்று மூடிய இஷ்யூக்களில் தேடுங்கள். பிறகு உங்கள் லேப்டாப் பிரச்சினையை மட்டும் நாலு வரியில் எழுதிக் கேளுங்கள். வேண்டாம் என்று சொன்னால், டூலை ஓட்டும் கட்டளையை உங்கள் செட்டிங்கோடு ஒரு ஷெல் ஸ்கிரிப்டில் சுற்றி உங்கள் மெஷினில் வைத்துக்கொள்ளலாம். கோபத்தில் ஃபோர்க் மட்டும் செய்யாதீர்கள். செமஸ்டர் நடுவில் அதைப் பராமரிக்க யாரும் இருக்க மாட்டார்கள்.