சப்பிரகமுவ மாகாணத்துக் காப்புக் காடுகளும் வயல் நீரும்

இரத்தினபுரி மாவட்டத்தில் கலவானைக்கு அப்பால் வயல் செய்வோர், மழை குறைந்த தை, மாசி மாதங்களிலும் தம் ஓடைகள் வற்றாதிருத்தலைக் கண்டிருப்பர். அவ்வோடைகள் சிங்கராஜ வனத்தினின்று வருவன. ஆண்டுக்கு 3,000 முதல் 5,000 மில்லிமீற்றர் வரை மழை பெறும் அவ்வனத்தில் மழைத்துளி நேரே நிலத்தைத் தாக்குவதில்லை. நெடுமரங்களின் இலைகளும் அவற்றின் கீழுள்ள சிறுமரங்களும் அதன் வேகத்தைத் தணிக்கின்றன. மக்கிய சருகு அதனை உறிஞ்சுகின்றது. வேர் சென்ற வழியே நீர் ஆழத்திற் புகுந்து, பல நாட்களின் பின் ஊற்றாகக் கசிகின்றது. வடபுறத்து நீர் களுகங்கையையும் தென்புறத்து நீர் கிங் கங்கையையும் சேரும்.

இவ்வனம் 1875ஆம் ஆண்டிலேயே ஒதுக்குக் காடாக்கப்பட்டது. எனினும் 1970களின் தொடக்கத்தில் ஒட்டுப்பலகைத் தொழிலுக்காக இதன் ஒரு பகுதியில் மரம் வெட்டப்பட்டது. பொதுமக்களின் எதிர்ப்பு வலுத்தமையால் 1977ஆம் ஆண்டில் அவ்வேலை நிறுத்தப்பட்டது. 1988ஆம் ஆண்டில் 8,864 எக்டேயர் பரப்பு உலக மரபுரிமையாக ஏற்கப்பட்டது.

காப்புக் காடுகள் யாவும் ஒரே தன்மையன அல்ல. இதனை அறியாமையால் வழக்கிற் சிக்குவோர் உளர். வனசீவராசிகளைக் காப்பதற்கான கட்டளைச் சட்டம் 1937ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதன்படி தேசிய வனப் பூங்காவினுள் எவரும் பயிர் செய்யலாகாது. அனுமதிச் சீட்டுடன் விலங்குகளைப் பார்க்க மட்டுமே செல்லலாம். சரணாலயத்திலோ தனியார் காணியும் அடங்கும். அக்காணியிற் பயிர் செய்தல் தடையன்று, ஆயினும் விலங்குகளைக் கொல்லுதல் குற்றமாகும். தோட்டங்களை அடுத்துள்ள சிவனொளிபாதமலை வனம் 1940இல் சரணாலயமாயிற்று. களனி, களு, வளவை ஆகிய மூன்று கங்கைகளுக்கும் அம்மலைப்பகுதி நீர் தருகின்றது.

வளவை கங்கையை மறித்து உடவளவை நீர்த்தேக்கம் கட்டப்பட்டபோது இடமிழந்த விலங்குகளுக்காக, 1972இல் 30,821 எக்டேயர் பரப்பில் உடவளவைத் தேசிய வனப் பூங்கா அமைக்கப்பட்டது. அங்கே சேனைப் பயிர் செய்தோர் வெளியேற நேர்ந்தது. நீர்த்தேக்கத்தால் கீழ்ப்புறத்து வயல்கள் விளைகின்றன. யானையோ எல்லையை அறியாது நெல்லையும் வாழையையும் நாடி வருகின்றது. இச்சுமை காட்டருகில் வாழும் கமக்காரர் மீதே விழுகின்றது என்பதை மறுக்கவியலாது. மின்வேலியின் கீழ்ப் புல் வளர்ந்து கம்பியைத் தொடின் வேலியின் வலு குன்றும். ஆகையால் ஊரார் முறைவைத்துப் புல் வெட்டுதல் வேண்டும்.

காட்டை அடுத்த சரிவுகளில் மரக்கறி பயிரிடுவோர் மேலிருந்து கீழாகப் பாத்தி கட்டுதல் பெருந்தவறு. 2003ஆம் ஆண்டு மே மாதப் பெருமழையால் தென்மேற்குப் பகுதிகளில் ஏற்பட்ட வெள்ளத்தாலும் மண்சரிவாலும் 200க்கு மேற்பட்டோர் இறந்தனர். இரத்தினபுரி மாவட்டமே மிகவும் பாதிக்கப்பட்டவற்றுள் ஒன்று. செங்குத்தான நிலத்தை வெட்டாது விடுதலே நன்று. மிதமான சரிவிற் சமவுயரக் கோட்டை ஒட்டி வடிகால் வெட்டி, வடிகாலின் மேற்கரையில் வெட்டிவேரை நெருக்கமாக நடுக. நிலத்தைத் துப்புரவாக்க நெருப்பு வைத்தல் கூடாது. சருகு எரிந்த மண் நீரைப் பிடியாது; தீயும் காட்டினுட் பரவிவிடும்.

பூசணி, பாகல், புடோல் ஆகியவற்றின் பூக்களிற் காய் பிடிப்பதற்குத் தேனீயும் பிற பூச்சிகளும் வேண்டும். அவை காட்டோரத்தில் மிகுதியாக உள்ளன. பூசணிப்பூ விடியலில் மலர்ந்து நண்பகலுக்குள் மூடுமாதலின், பூச்சிநாசினி தெளிப்பது தவிர்க்கவியலாததாயின் மாலையிலே தெளிக்க. தெளிகருவியை ஓடையிற் கழுவற்க. கீழே அந்நீரையே லயத்து மக்கள் மொண்டு குடிக்கின்றனர்.

தேசிய வனப் பூங்காவின் எல்லையிலிருந்து ஒரு மைல் தூரத்துக்குள் எவ்வகை அபிவிருத்தி வேலைக்கும் வனசீவராசிகள் திணைக்களத்தின் எழுத்து மூல அனுமதி தேவை. ஆகவே காட்டோரத்திற் புதிதாகக் காணி திருத்த எண்ணுவோர், மண்வெட்டியை எடுக்குமுன் எல்லைக் கல் இருக்குமிடத்தைக் கிராம உத்தியோகத்தரிடம் கேட்டறிந்து கொள்க.